டி.பி.ராஜலட்சுமி எப்படி இயக்குநர் ஆனார்? பாட்டுப் படங்களின் முதல் காலம் பற்றி ஓர் எளிய விளக்கம்

யாங்கோனில் தமிழர் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து பழைய சினிமாவைப் பேச ஆரம்பித்தால், எம்.ஜி.ஆர்., பாகவதர் எல்லாம் முடிந்து ஒரு கட்டத்தில் டி.பி.ராஜலட்சுமி பெயர் வரும். “முதல் தமிழ்ப் பேசும்படத்துக் கதாநாயகி” என்பார் ஒருவர். “அவங்க படம்கூட டைரக்ட் பண்ணியிருக்காங்களாமே” என்பார் இன்னொருவர். “அந்தக் காலத்துல யார் வேணும்னாலும் டைரக்ட் பண்ணலாம். பாட்டெல்லாம் வேற யாராவது பின்னாடி நின்னு பாடியிருப்பாங்க” என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

முதல் இருவர் சொன்னது சரி. மூன்றாமவர் சொன்னது தப்பு. அந்தத் தப்பைத் திருத்தாவிட்டால் முதல் இரண்டும் வெறும் பொது அறிவுத் துணுக்காகவே நின்றுவிடும். ராஜலட்சுமி பாடினார், நடித்தார், அப்புறம் இயக்கினார் என்று மூன்று வேலைகளாகப் பிரித்துச் சொல்வது நம் வழக்கம். 1930களின் தொடக்கத்தில் இவை அவ்வளவு தனித்தனியாக இல்லை. ஏன் இல்லை என்பதற்கான பதில் அந்தக் காலத்து ஒலிப்பதிவு முறையில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சினிமாத் தொழில்நுட்பம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரே போனில் பிடித்த கல்யாண வீடியோ

நம் ஊர்க் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசிக்கும்போது ஒருவர் போனை நீட்டி வீடியோ எடுக்கிறார் என்று வையுங்கள். படமும் சத்தமும் ஒரே நேரத்தில், ஒரே கருவியில் விழுகின்றன. பந்தியில் ஒரு தட்டு விழுந்தால் அந்தச் சத்தமும் சேர்ந்துதான் விழும். மாமா யாரையோ கூப்பிட்டால் அதுவும் ராகத்துக்கு நடுவில் இருக்கும். மண்டபம் முழுக்கத் தெரியட்டும் என்று போன்காரர் பத்தடி பின்னால் போனால், நாதஸ்வரமும் பத்தடி தள்ளிப்போய் மெலிந்துவிடும். நடுவில் நிறுத்தி வேறு கோணத்திலிருந்து எடுத்தால், விட்ட இடத்தில் ராகம் காத்துக்கொண்டு நிற்காது.

1931ல் இந்தியாவில் பேசும்படம் எடுத்தவர்களுக்கு இருந்த வசதி ஏறக்குறைய இவ்வளவுதான். நடிப்பவர் பாடும்போதே கேமராவும் ஓடும், குரலும் பதிவாகும். இதற்கு நேரடி ஒலிப்பதிவு என்று பெயர். பாடுகிற வாய் யாருடையதோ, குரலும் அவருடையதுதான். பின்னால் நின்று வேறொருவர் பாடுவதற்கு அங்கே இடமே கிடையாது.

இது எப்படி நடந்தது? மைக் குரலை மின்சார அலையாக மாற்றும். அந்த அலைக்கு ஏற்ப ஒரு வெளிச்சம் கூடிக் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் பிலிமின் ஓரத்தில் அந்த வெளிச்சம் மெல்லிய பட்டையாகப் பதியும். இந்தப் பட்டைக்கு ஒலித்தடம் என்று பெயர். தியேட்டரில் இதெல்லாம் தலைகீழாக நடக்கும். ஒலித்தடத்தின் வழியே விளக்கொளி பாய, அதன் ஏற்றத்தாழ்வு மறுபடி மின்சாரமாகி ஸ்பீக்கரில் குரலாக வெளிவரும். பாடினவரின் குரல் வெளிச்சமாகி, பிலிமில் உறைந்து, பல ஊர் தாண்டி வந்து மறுபடி குரலாகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு இது அதிசயமாகத்தான் இருக்கிறது.

1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியான இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’. அதில் படமும் ஒலியும் ஒரே பிலிமில் ஒரே சமயத்தில் பதிந்தன. அதைத் தயாரித்த இம்பீரியல் ஸ்டூடியோவின் பக்கத்திலேயே ரயில் பாதை இருந்தது. ரயில் ஓடாத நள்ளிரவுக்குப் பிறகுதான் பல காட்சிகளை எடுக்க முடிந்தது. மைக்கை நடிகர்களின் அருகில், கேமரா கண்ணில் படாதபடி ஒளித்துவைத்தார்கள். வாத்தியக்காரர்களும் படத்தில் தெரியாமல், ஆனால் மைக்குக்கு எட்டும் தூரத்தில் மறைந்து உட்கார்ந்தார்கள்.

இதிலிருந்து நமக்கு முக்கியமான ஒன்று கிடைக்கிறது. பாட்டு நடுவில் பிசகினால் அந்த இடத்தை மட்டும் மாற்ற வழியில்லை, திரும்ப முதலிலிருந்து பாட வேண்டும். பிலிமோ காசு கொடுத்து வாங்கியது. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். ஆகவே தயாரிப்பாளர் தேடியது, மூச்சுப் பிடித்து, தாளம் தப்பாமல், முகபாவத்தோடு, பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டத்தில் பாடி முடிக்கக்கூடிய ஆளை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குரலும் முகமும் ஒருவருடையதாகவே இருந்தாக வேண்டும், அவர் பாட்டைத் தவறில்லாமல் ஒரே மூச்சில் பாட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அன்றைக்கு ஓர் இடத்தில்தான் கூட்டமாகக் கிடைத்தார்கள். நாடக மேடையில்.

மேடை என்ன கற்றுக்கொடுத்தது

ராஜலட்சுமி 1911ல் தஞ்சாவூர்ப் பக்கம் திருவையாற்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள், அது நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துபோக, அம்மாவோடு திருச்சிக்கு வந்தார். அங்கே சாமண்ணாவின் நாடகக் குழுவில் வாய்ப்புக் கேட்டபோது, சங்கரதாஸ் சுவாமிகள் அவர் பாட்டைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ‘பவளக்கொடி’ நாடகத்தில் மேடை ஏறியபோது அவருக்கு வயது 11.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ என்று ஏராளமான நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக எழுதி, நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசான். அவருடைய பாடல்கள்தான் தமிழ் மேடையின் பொதுச் சொத்து. இந்தப் பொதுச் சொத்தை வைத்துத்தான் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறை நடந்தது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறு ஊரிலிருந்து வருவார், பபூன் (கோமாளி) மூன்றாவது ஊர். ஆர்மோனியக்காரர் எல்லோருக்கும் பொது. ஒத்திகை கிடையாது. கதை தெரியும், பாட்டுகள் தெரியும், இரவு மேடையில்தான் சந்திப்பு.

இதில் உள்ள கஷ்டத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனத்தில் வள்ளியும் வேடனாக வந்த முருகனும் தர்க்கம் பண்ணுவார்கள். கேள்வியும் பதிலும் பாட்டாகவே போகும். எதிரே நிற்பவர் எந்த இடத்தில் சங்கதியை நீட்டுவார், எந்த வரியைத் திருப்பிப் பாடுவார், இன்றைக்கு எந்தக் கேள்வியைப் புதிதாகப் போடுவார் என்று முன்கூட்டித் தெரியாது. அவர் விட்ட சுருதியில் பிடித்து, அவர் தாளத்திலேயே மடக்கிப் பதில் சொல்ல வேண்டும். ஜனங்கள் காத்துக்கொண்டிருப்பதே அதற்காகத்தான். கொஞ்சம் தடுமாறினாலும் கடைசி வரிசையிலிருந்து குரல் வரும். மைக்கும் கிடையாது. கொட்டகையின் கோடியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி, உச்ச சுருதியில், விடிய விடியப் பாட வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பா போன்றவர்கள் அவ்வளவு உயரமான சுருதியில் பாடிப் பேர் வாங்கியதற்கு இந்தக் கொட்டகைகளும் ஒரு காரணம்.

பதினொரு வயதில் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பெண், இருபது வயதுக்குள் என்னவெல்லாம் கற்றிருப்பார்? பாட்டு, வசனம், முகபாவம், தாளம் மட்டும் இல்லை. எந்தக் காட்சி எவ்வளவு நேரம் தாங்கும், எங்கே பாட்டைப் போட்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், எங்கே பபூனை இறக்க வேண்டும் என்பதெல்லாமும் அத்துப்படி ஆகியிருக்கும். இன்றைய பேச்சில் இதற்கு டைரக்‌ஷன் என்று பெயர். அன்றைக்கு அதற்குத் தனியாகப் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் நம் ரங்கூனுக்கும் (இன்றைய யாங்கோன்) பங்கு உண்டு. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சென்னையில் கப்பல் ஏறினால் வேறு நாட்டுக்குப் போகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் இங்கே வந்து இறங்கலாம். நாடகக் கம்பெனிகளும் அப்படி வந்தன. எம்.கந்தசாமி முதலியாரின் குழுவோடு சிறுவன் எம்.ஜி.ஆர். ரங்கூன் வந்து பெண் வேடம் கட்டி நடித்ததை நம் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தமிழ் நாடகம் என்றால் ஏதோ மதுரை, தஞ்சாவூர் சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மேடையின் சுற்றுவட்டத்தில் ரங்கூன், கொழும்பு, பினாங்கு எல்லாம் இருந்தன.

‘காளிதாஸ்’ முழுக்கத் தமிழ்ப் படமா?

ராஜலட்சுமி பேசாத படங்களிலும் நடித்திருக்கிறார். ஆனால் அவர் குரல் திரையில் ஒலித்தது ‘காளிதாஸ்’ படத்தில். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. இயக்கியவர் எச்.எம்.ரெட்டி, தயாரித்தவர் ‘ஆலம் ஆரா’ எடுத்த அர்தேஷிர் இரானி. பம்பாயில், அதே இம்பீரியல் நிறுவனத்தில் எடுத்தார்கள்.

இதை முதல் தமிழ்ப் பேசும்படம் என்கிறோம். சரிதான், ஆனால் ஒரு விளக்கம் தேவை. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். இன்று கேட்டால் விசித்திரமாக இருக்கும். நேரடி ஒலிப்பதிவை நினைவில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். ஒருவருக்குத் தமிழ் சரளமாக வராது என்றால், அவருக்குப் பதிலாக வேறொருவரைத் தமிழில் பேசவைக்க அன்றைக்குக் கருவி இல்லை. எந்த வாய் எந்த மொழியைப் பேசுமோ அந்த மொழிதான் படத்தில் வரும். அலட்சியத்தால் மொழி கலந்துபோனது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒலிப்பதிவு முறையின் எல்லை அது.

பாட்டு விஷயத்திலும் மேடைதான் கைகொடுத்தது. தியாகராஜரின் கீர்த்தனைகள் இருந்தன. மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகள் இருந்தன. பாஸ்கரதாஸ் ஏற்கெனவே மேடைக்கு எழுதிப் பேர் பெற்றவர். காளிதாசன் கதைக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்காமல், “ராட்டினமாம் காந்தி கை பாணமாம்” என்ற அவருடைய தேசியப் பாட்டை ராஜலட்சுமி பாடினார். மேடையில் இது சகஜம். புராண நாடகத்துக்கு நடுவில் கதர்ப் பாட்டு வரும், கூட்டம் கை தட்டும். அந்தப் பழக்கம் அப்படியே திரைக்கு வந்துவிட்டது.

படச்சுருள் ரயிலில் சென்னை சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்தபோது ஜனங்கள் திரண்டுவிட்டார்கள். வால்டாக்ஸ் ரோடு வழியாகக் கினிமா சென்ட்ரல் தியேட்டர் வரை ஊர்வலம். வழியெல்லாம் பூ தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுபத்தி கொளுத்தினார்கள். பெட்டிக்குள் இருந்தது பிலிம். ஜனங்கள் வரவேற்றது, தங்கள் மொழியில் பேசப்போகிற ஒரு குரலை.

பர்மாவிலும் இதே கதைதான் என்பது பலருக்குத் தெரியாது. முதல் பர்மியப் பேசும்படம் 1932ல் வந்தது, அதையும் பம்பாய்க்குப் போய்த்தான் எடுத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவி எங்கே இருந்ததோ அங்கே எல்லா மொழியும் போய் நின்றன. சென்னைக்கே 1934ல்தான் பேசும்படம் எடுக்கும் ஸ்டூடியோ வந்தது. ஏ.நாராயணன் ஆரம்பித்த அந்த ஸ்டூடியோவில் ‘சீனிவாச கல்யாணம்’ படத்தை எடுத்தார்கள். அதன் ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். தமிழ் சினிமாவின் ஒலி வரலாற்றில் நாம் போதுமான அளவு சொல்லாத இன்னொரு பெயர் இது.

‘டைரக்டர்’ என்றால் அப்போது என்ன வேலை?

இங்கேதான் பெரிய குழப்பம். இன்று டைரக்டர் என்றதும், கதை, நடிப்பு, கேமரா கோணம், வெட்டு, இசை எல்லாவற்றையும் தன் மனதில் வைத்து ஆட்டிவைப்பவர் என்ற படம் நமக்கு வருகிறது. 1930களின் தொடக்கத்தில் அந்த வேலை இரண்டு பேர் கையில் பிரிந்து கிடந்தது.

ஒரு பாதி, கருவி சார்ந்தது. கேமராவை எங்கே நிறுத்துவது, மைக்கை எங்கே ஒளிப்பது, சுருள் தீருவதற்குள் எந்தக் காட்சியை முடிப்பது. இதைத் தெரிந்தவர்கள் பம்பாய், கல்கத்தா ஸ்டூடியோக்காரர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1936ல் ‘சதி லீலாவதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். எம்.ஜி.ஆரின் முதல் படம் அதுதான். கதாநாயகன் எம்.கே.ராதா, ரங்கூனுக்கு நாடகம் கொண்டுவந்த கந்தசாமி முதலியாரின் மகன்.

மறு பாதி, மேடை சார்ந்தது. எந்தக் கதை, எந்த மெட்டு, யார் எப்படிப் பேசுவது, எந்த வரியில் அழுவது. மொழி தெரியாத டைரக்டருக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? மேடையிலிருந்து வந்த நடிகர்களும் நாடக ஆசிரியர்களும்தான். விளம்பரத்தில் டைரக்டர் பெயர் இருக்கும், ஆனால் படத்தின் உயிரில் பாதிக்கு மேல் மேடைக்காரர்கள் கொடுத்தது. ‘வள்ளி திருமணம்’ (1933) கல்கத்தாவில் தயாரான படம். இயக்கியவர் பி.வி.ராவ், வள்ளி ராஜலட்சுமி. நன்றாக ஓடி வசூலைக் குவித்தது. அந்தத் தர்க்கப் பாட்டுகளை எப்படிப் பாட வேண்டும் என்று மேடையில் வளர்ந்த வள்ளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஆகவே “அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் டைரக்ட் பண்ணலாம்” என்பதை இப்படித் திருத்திக்கொள்ளலாம்: அந்தக் காலத்தில் டைரக்‌ஷனில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவர்கள் மேடை நடிகர்கள், மறு பாதியையும் கற்றுக்கொண்டால் அவர்கள் டைரக்டர். ராஜலட்சுமி பம்பாயிலும் கல்கத்தாவிலும் படத்துக்குப் படம் கேமரா முன்னால் நின்றவர். மறு பாதியைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழக அவருக்கு ஐந்து வருஷம் கிடைத்தது.

‘மிஸ் கமலா’

1936ல் அவர் எடுத்த படம் ‘மிஸ் கமலா’. ராஜலட்சுமி ‘கமலவல்லி’ என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். அதுதான் கதை. ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற தன் சொந்தக் கம்பெனி மூலம் தயாரித்தார். கதை அவருடையது, இயக்கம் அவருடையது, கதாநாயகி அவரே. அப்போது அவருக்கு வயது 25.

இதில் கவனிக்க வேண்டிய இடம், அவர் தேர்ந்தெடுத்த கதை. வள்ளியும் திரௌபதியும் தமயந்தியும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தான் பிழைப்பு நடத்திய புராணத்தை விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் மனதையும் பற்றிய சமூகக் கதையை எடுத்தார். தலைப்பிலேயே ‘மிஸ்’. ராஜலட்சுமியின் சொந்த வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. வசூல் தரும் வேஷத்தை விட்டுத் தன் மனதில் இருந்ததைத் தன் காசில் சொல்லிப் பார்த்த அந்தத் துணிச்சல்தான், ‘முதல் கதாநாயகி’ என்ற பட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

இன்னொரு தப்பையும் இங்கேயே திருத்திவிடலாம். ராஜலட்சுமியை ‘இந்தியாவின் முதல் பெண் இயக்குநர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த இடம் 1926லேயே பம்பாயில் பேசாத படம் ஒன்றை இயக்கிய பாத்மா பேகத்துக்கு உரியது. ராஜலட்சுமி தமிழ் சினிமாவின், தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். அந்தப் பெருமையே போதும். இல்லாத பட்டத்தை ஒட்டினால், இருக்கிற பட்டத்தையும் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள்.

பிறகு மதுரை வீரன் கதையையும் படமாக எடுத்தார். 1961ல் கலைமாமணி விருது பெற்றார். 1964ல் காலமானார்.

சுருக்கமாக: மேடையில் கதை, பாட்டு, நடிப்பு மூன்றையும் ஒன்றாகக் கற்றார், பேசும்படத்தில் கருவி வேலையைப் பார்த்துப் பழகினார், 1936ல் இரண்டையும் சேர்த்துத் தானே ஒரு படம் எடுத்தார்.

பின்னணிப் பாட்டு எப்போது வந்தது?

இப்போது அந்த மூன்றாமவரின் வாதத்துக்கு வருவோம். நடிகர் வாயசைக்க, குரல் வேறு இடத்திலிருந்து வரும் முறைக்குப் பின்னணிப் பாட்டு என்று பெயர். முதலில் பாட்டை மட்டும் அமைதியான அறையில் தனியாகப் பதிவு செய்வார்கள். அப்புறம் படப்பிடிப்பில் அந்தப் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட, நடிகர் அதற்கேற்ப வாயசைப்பார். கேமரா படத்தை மட்டும் பிடிக்கும். கடைசியில் படத்தையும் பாட்டையும் ஒரே பிலிமில் சேர்த்துவிடுவார்கள்.

இதில் இரண்டு விஷயம் கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாட்டை முன்கூட்டிப் பதிவு செய்வது ஒன்று. ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடுவது வேறொன்று. முதலாவது வந்த பிறகும் பல நட்சத்திரங்கள் தங்கள் குரலிலேயே முன்பதிவு செய்து, தாங்களே வாயசைத்தார்கள். ஆகவே ஒரு பழைய படத்தில் வாயசைப்பு தெரிகிறது என்பதால் குரல் வேறு ஆளுடையது என்று முடிவுகட்ட முடியாது.

இந்தியாவில் இந்த முறை 1935ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் நிதின் போஸ் இயக்கிய படத்தில் நிலைபெற்றது. தமிழில் 1938ல் ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் வந்தது. நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். அதே படத்தில் ராஜலட்சுமியும் நடித்திருந்தார். நேரடியாகப் பாடி ஏழு வருஷத்துக்கு முன் திரைக்கு வந்தவர், பாடத் தேவையில்லாத காலம் பிறக்கும் இடத்திலும் இருந்திருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். ‘காளிதாஸ்’ 1931, ‘மிஸ் கமலா’ 1936, தமிழில் பின்னணிப் பாட்டு 1938. ராஜலட்சுமியின் பேர்போன காலம் முழுக்க நேரடி ஒலிப்பதிவின் காலத்தில் விழுகிறது. “பின்னாடி நின்னு யாரோ பாடியிருப்பாங்க” என்பது அவர் விஷயத்தில் பொருந்தாது.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதும் இதிலிருந்தே ஓரளவு விளங்கும். குரலும் முகமும் தனித்தனியாகக் கிடைக்கும் என்று ஆன பிறகு, முகத்துக்கு ஒருவரையும் குரலுக்கு ஒருவரையும் தேடலாம். பாடத் தெரியாதவர் கதாநாயகி ஆகலாம், திரையில் தெரியாதவர் பாடகி ஆகலாம். வேலை பிரியப் பிரிய, எல்லாவற்றையும் ஒரே உடம்பில் வைத்திருந்த மேடைக்காரர்களின் தேவை குறைந்தது. அவர்கள் ஓய்ந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். வயது, பணம், ரசனை எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்தக் காரணத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பேசுவதும் சரியாகாது.

பழைய படத்தைக் காதால் பார்ப்பது

‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டின் பிரதியும் இன்று இல்லை. ஆனால் 1930களின் வேறு சில தமிழ்ப் படங்கள் பிழைத்திருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்றை எடுத்து, கதையை மறந்துவிட்டுப் பாட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். பாடுகிறவர் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறார்? மைக்கை விட்டு நகர முடியாது. ஏன் கேமரா அசையாமல் நிமிஷக் கணக்கில் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது? நடுவில் வெட்டினால் பாட்டும் வெட்டுப்படும். தலையைத் திருப்பும்போது குரல் மங்குகிறதா, அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்படிக் கேட்டால், அந்தக் குரல் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே பாடியது. “பழைய படம், ஆடாம அசையாம நிக்கிறாங்க” என்று சிரிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது தடவை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

பிரதி இல்லாத படங்களுக்கு இன்னொரு வழி, பாட்டுப் புத்தகம். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற மெல்லிய புத்தகம் அது. கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், பல சமயம் ராக தாளம்கூட அதில் இருக்கும். பல படங்களைப் பற்றி நமக்குத் தெரிவதே இந்தப் புத்தகங்களால்தான். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கிறது.

ரங்கூன் இந்த விஷயத்தில் ஓரமான ஊர் கிடையாது. சினிமாச் சட்டப்படி 1920ல் பிரிட்டிஷ் இந்தியாவில் தணிக்கைக் குழு அமைத்த நான்கு துறைமுக நகரங்கள் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன். அவ்வளவு படம் வந்து இறங்கிய ஊர் இது. 1942ல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள் கையில் கொண்டுபோனது கொஞ்சம், விட்டுப்போனது அதிகம். 1960களில் இந்தியாவுக்குத் திரும்பக் கப்பல் ஏறியவர்களும் அப்படித்தான். விட்டுப்போனதில் பெட்டி பெட்டியாகக் காகிதமும் இருந்தது. யாங்கோனிலோ, மோல்மேனிலோ, தட்டோன் பக்கத்துக் கிராமத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ, நாடக நோட்டீஸோ, கிராமபோன் தட்டோ இருந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். அட்டையையும் முதல் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவைத்துவிட்டு, மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள்: எந்த ஸ்டூடியோவில் எடுத்தது, பாட்டு எழுதியவர் யார், நடிகர் பட்டியலில் டி.பி.ராஜலட்சுமி பெயர் எந்த வரியில் இருக்கிறது.